பிந்திய விதைப்பு: தவக்கால 3ஆம் ஞாயிறு மறையுரை



காலபோக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. நெல்லுக்குப் பிறகு சணல் எறிந்தவர்களின் நிலம் மட்டும் மாசி முழுவதும் மஞ்சள் பூவாய் நின்றது. வீதியால் போன பிள்ளைகள் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். இப்போது பங்குனி பிறந்துவிட்டது. பூத்த சணலை மடக்கி உழுகிற சத்தம் காலைத் திருப்பலி நேரத்திலும் கேட்கிறது. உழவுக்குப் பின்னால் கொக்குகள் நடந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். புரண்ட மண்ணில் என்ன வெளிவருகிறது என்று சால் சாலாகப் பார்த்துக்கொண்டே வரும். அந்தக் கொக்கை யாரும் துரத்துவதில்லை. அது உழவுமில்லை, விதைக்கவுமில்லை. ஆனாலும் அந்த நிலத்தில் அதற்கும் ஏதோ உரித்து இருக்கிறது என்று, யாரும் சொல்லித் தராமலே நமக்குத் தெரியும்.

இன்றைய முதல் வாசகத்தில் மோசே தன் மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டு பாலைநிலத்தைக் கடந்து போகிறார். ஒரு முட்புதர் எரிகிறது, ஆனால் கருகவில்லை. கிட்டப் போகிறார். மிதியடியைக் கழற்று, நீ நிற்கிற இடம் புனித நிலம் என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. யோசித்துப் பாருங்கள், அங்கே கோயில் இல்லை, பீடம் இல்லை. ஆடு மேய்கிற காடு அது. நம்முடைய ஐயாமார் பலர் இன்றைக்கும் செருப்பை வரம்பில் கழற்றி வைத்துவிட்டுத்தான் தோட்டத்துக்குள் இறங்குகிறார்கள். ஏன் என்று கேட்டால், "அது அப்பிடித்தான்" என்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஒரு விசுவாசம் இருக்கிறது, அன்பார்ந்தவர்களே. கடவுள் முதலில் வருவது மண்ணுக்குத்தான் என்ற விசுவாசம்.

நற்செய்தியில் ஆண்டவர் ஒரு தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறார். முந்திரிகைத் தோட்டத்தில் ஓர் அத்திமரம். மூன்று வருடமாகக் காய்க்கவில்லை. காணிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. வெட்டு, இந்த இடத்தையும் சத்தையும் வீணாக்குகிறது என்கிறார். அவர் சொல்வதில் பிழை இல்லை. தோட்டம் செய்கிற எவருக்கும் அந்தக் கணக்குப் புரியும். ஆனால் தோட்டக்காரர் இன்னொரு வருடம் கேட்கிறார். இத்தனை வருடம் இந்த இடத்தை வாசித்திருக்கிறோம், அவர் தவணை கேட்டதைத்தான் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறோம். தவணையோடு சேர்த்துத் தன் உழைப்பையும் அவர் ஈடு வைக்கிறாரே! மரத்தடியைக் கொத்துவேன், எரு இடுவேன் என்கிறார். மரத்தைப் பார்த்து "நீ திருந்து" என்று அவர் சொல்லவில்லை. மரத்தைச் சுற்றியிருக்கிற மண்ணில் கை வைக்கிறார். இரக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. அது எருக் கடகம் தூக்குகிறது, இடுப்பு நோகக் கொத்துகிறது.

அந்தக் கதைக்கு ஆண்டவர் முடிவும் சொல்லவில்லை. அடுத்த வருடம் மரம் காய்த்ததா என்று நமக்குத் தெரியாது. அவர் அங்கேயே நிறுத்திவிட்டார், கேட்கிற ஒவ்வொருவரும் தன் மரத்தை நினைத்துக்கொள்ளட்டும் என்று.

அன்பார்ந்தவர்களே, இந்தத் தவக்காலத்தில் உங்களோடு ஒரு காரியம் பேச வேண்டும் என்றிருந்தேன். சேமக்காலைக்குப் பக்கத்தில் நம் கோயிலுக்கு 2 பரப்புக் காணி சும்மா கிடக்கிறது. பார்த்தீனியம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. அதைத் துப்புரவாக்கி வாடகைக்குக் கொடுக்கலாம் என்றார்கள் சிலர், வாகனம் நிறுத்த இடமாக்கலாம் என்றார்கள் வேறு சிலர். பங்குச் சபையில் பேசி, இந்த வருடம் அதை வேறொரு தேவைக்கு எடுப்போம் என்று முடிவு செய்திருக்கிறோம். சித்திரை முதல் ஆவணி வரை, யாழ்ப்பாணக் குடாநாட்டில் பச்சை குறைந்து போகிற அந்த மாதங்களில், பறவைகளும் அணில்களும் வண்டுகளும் தேனீக்களும் வந்து தின்னட்டும் என்று அங்கே ஒரு பிந்திய விதைப்புச் செய்யப் போகிறோம். நாம் அறுக்கப் போவதில்லை. விதைத்து, நட்டு, விட்டுவிடப் போகிறோம்.

இது ஏதோ புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். விடுதலைப்பயண நூலின் 23ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஆறு வருடம் விதைத்து அறுத்த பிறகு, ஏழாம் வருடம் நிலத்தை ஓய்வில் விடும்படி ஆண்டவர் கட்டளையிடுகிறார். அந்த வருடம் தானாக முளைப்பதை ஏழைகள் உண்ண வேண்டும். அவர்கள் உண்டு மிஞ்சுவது காட்டு விலங்குகளுக்கு. லேவியர் 25ஆம் அதிகாரமும் அதையே சொல்கிறது. வேலையாளையும் அந்நியரையும் வீட்டு மாட்டையும் காட்டு விலங்கையும் ஒரே பந்தியில் இருத்துகிறது. அதே அதிகாரத்தில்தான் யூபிலி ஆண்டும் வருகிறது. 2024 டிசம்பர் 24இல் உரோமையில் புனிதக் கதவு திறக்கப்பட்டு, 2025ஐ எதிர்நோக்கின் யூபிலியாகக் கொண்டாடினோம். திருயாத்திரை போனோம், பரிபூரண பலன் பெற்றோம், நல்லது. யூபிலி தொடங்கிய அந்த அதிகாரத்தில் நிலத்துக்கும் ஓய்வு உண்டு, மிருகத்துக்கும் சாப்பாடு உண்டு என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

2025 மார்ச் 15ஆம் திகதி சனிக்கிழமை, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நீங்கள் எல்லோரும் படிவமும் பேனையுமாகத் தோட்டத்தில் நின்றீர்கள். பயிரை அழிக்கிற குரங்கையும் மந்தியையும் மர அணிலையும் மயிலையும் நாடு முழுவதும் ஒரே ஐந்து நிமிடத்தில் எண்ணச் சொன்னது அரசாங்கம். அந்த எண்ணிக்கையில் என்ன கிடைத்தது, அதை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்பது அவர்கள் பாடு. அன்று பின்னேரம் நம் ஊர் ஐயா ஒருவர் என்னிடம் சொன்னது மனதில் நிற்கிறது. "சுவாமி, இவ்வளவு வருசமும் கல்லெறிந்திருக்கிறன், நிண்டு பார்த்தது இண்டைக்குத்தான்." அவருடைய தறையில் மயில்கள் நின்றிருக்கின்றன. ஐந்து நிமிடம் அசையாமல் அவற்றைப் பார்த்திருக்கிறார். வெங்காயத்தைக் கிளறினால் நாளைக்கும் துரத்தத்தான் வேண்டும் என்றார். துரத்துங்கள் ஐயா என்றேன்.

துரத்துவதைப் பாவம் என்று நான் சொல்லவில்லை. கடன்பட்டு விதை வெங்காயம் வாங்கி, துளிர் வருகிற வேளையில் அதை இழப்பவருடைய வேதனை எனக்குத் தெரியும். 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் வயல் எல்லாம் ஏரியாகிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. நெல் அழுகிப் போனவர்கள் இந்தக் கோயிலுக்குள் இப்போதும் இருக்கிறீர்கள். 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் தடை நீங்கியது, ஆனால் பட்ட கடன் அதோடு நீங்கவில்லை. இப்படி அடிமேல் அடி வாங்கியவர்களிடம் வந்து மயிலுக்கும் கிளிக்கும் இரக்கம் காட்டுங்கள் என்று சொல்ல ஒரு பங்குத்தந்தைக்கு என்ன உரிமை இருக்கிறது? அதனால்தான் உங்கள் தோட்டத்தில் ஒரு மூலையைக் கேட்காமல் கோயில் காணியிலிருந்து தொடங்குகிறேன். உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றே ஒன்று. தானியத்தில் நஞ்சு கலந்து வைக்காதீர்கள். சுருக்கு வைக்காதீர்கள். நஞ்சு, மயிலுக்கென்று வைத்தாலும் மயிலோடு நிற்காது. கொக்குக்கும் போகும், புறாவுக்கும் போகும், செத்ததைத் தின்கிற நாய்க்கும் பருந்துக்கும் போகும்.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டால், குஞ்சோடு சேர்த்துத் தாயையும் பிடிக்கக் கூடாது. எடுக்கிறவனுக்குப் பசி இருக்கலாம், எடுக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் எடுக்காதே என்று அங்கே ஒரு கோடு கீறப்படுகிறது. நம்மில் யாருடைய மனது அந்தக் கோட்டில் நிற்கிறது? காணியைச் சுற்றி மதில் கட்டும்போது, கிணற்றைச் சீமெந்தால் மூடும்போது, எல்லைப் பனையைத் தறிக்கும்போது, இங்கே ஏற்கெனவே வாழ்ந்த உயிர் எங்கே போகும் என்று ஒருதரமாவது கேட்டோமா? என் திட்டத்தில் நான் யாரைச் சேர்க்கவில்லை? பறவையை மட்டும் நினைத்து இதைக் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளேயும் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக் காசில் புதுவீடு கட்டி, அதில் ஆச்சிக்கு வெயில் படுகிற ஒரு திண்ணை வைக்க மறந்துபோன வீடுகளுக்கு நான் நற்கருணை கொண்டுபோயிருக்கிறேன்.

நம் முன்னோர் மறக்கவில்லை, சகோதரர்களே. பழைய கேணிகளுக்கும் குளங்களுக்கும் பக்கத்தில் ஆவுரஞ்சிக்கல் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள். மாடு வந்து முதுகை உரஞ்சிக்கொள்ள என்று ஊன்றிய கல். வழியில் போகிறவர்களின் மாடு, மேயவந்த மாடு, யாருடையதானாலும் அதற்கு முதுகு தினவெடுக்கும், அதற்குச் சொறியக் கை இல்லை என்று எண்ணி, கல்லைச் செதுக்கி நட்டிருக்கிறான் ஒரு மனிதன். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. சற்றுத் தள்ளிச் சுமைதாங்கி, மடம். கிறிஸ்துவின் நற்செய்தி இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தபோது, இப்படிப்பட்ட மனங்களில்தான் விழுந்தது. அந்த மண் ஏற்கெனவே கொத்தியிருந்தது என்றே நான் நம்புகிறேன்.

இனி நம் 2 பரப்பைப் பற்றிச் சொல்கிறேன். வேலை சரியாக நடக்க வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விடுங்கள். முதலில் பார்த்தீனியம். அது பூத்து விதை தள்ளுவதற்கு முன் வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலில் பட்டால் கடிக்கும், மூச்சிழுப்பு உள்ளவர்கள் அந்தப் பக்கம் வர வேண்டாம். பூத்ததை மட்டும் புறம்பாகக் கட்டி அழிப்போம். மற்றப் பற்றைகளுக்கு நெருப்பு வைக்க வேண்டாம். நெருப்பு வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் வேலை முடியும், உண்மை. ஆனால் பல வருடமாக அந்த நிலத்தில் உக்கிச் சேர்ந்தது எல்லாம் சாம்பலாகிச் சோளகத்தில் பறந்துவிடும்.

பிறகு குழை தாழ்ப்போம். வேலிகளில் பூவரசும் கிளுவையும் தாராளமாக நிற்கின்றன. ஆளுக்கு ஒரு கட்டுக் குழை கொண்டுவாருங்கள். காவோலை இருந்தால் அதையும் கொண்டுவரலாம். சாலெடுத்து உள்ளே போட்டு மண்ணால் மூடுவோம். ஆட்டுப்பட்டி வைத்திருக்கிற நம் சகோதரர் ஒருவர் சில இரவுகள் அங்கேயே பட்டியடைக்கச் சம்மதித்திருக்கிறார். உக்கின மாட்டெருவும் உண்டு. மற்ற நாடுகளில் இப்படி நிலம் தயாரிக்கிறவர்கள் புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுவார்கள். நமக்கு அது தேவையில்லை, நாம் நிற்பதே சுண்ணாம்புக்கல்லின் மேலேதான். பை பையாக யூரியாவும் வேண்டாம். இந்தக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். நாம் குடிப்பது, கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல்நீருக்கு மேல் மிதந்து நிற்கிற மழைத்தண்ணீர். செம்மண்ணுக்கு நாம் அள்ளிக் கொட்டுகிற பசளை அதே வெடிப்பால் கிணற்றுக்குள் போகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்குத்தான் அதனால் முதல் ஆபத்து. பறவைக்கு விருந்து வைப்பதற்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தண்ணீரைக் கெடுக்கலாமா?

சித்திரை மழை ஒரு பாட்டம் விழுந்ததும் விதைப்போம். பயறு இரண்டு மாதத்தில் முற்றும், எள்ளு மூன்று மாதத்துக்குள், குரக்கன் மூன்றிலிருந்து நான்கு மாதம். மூன்றையும் கலந்து பட்டி பட்டியாகப் போட்டால் ஒன்று முடிய இன்னொன்று தொடங்கும். எள்ளுப் பூவுக்குத் தேனீ வரும். காண்டாவன வெயில் அடிக்கிறபோது கிணற்றிலிருந்து கொஞ்சம் இறைத்துவிட வேண்டியிருக்கும், இளைஞர் மன்றம் முறை வைத்துச் செய்யும். ஆடியில் வேம்பு பழுக்கும், ஆவணியில் பனம்பழம் விழும், அதற்குள் ஆண்டவர் தம் சொந்தப் பந்தியை விரித்துவிடுவார். நாம் நிரப்புவது அந்த இடைவெளியை மட்டும்தான். காய்ந்த தாளையும் தட்டையையும் ஆவணி வரை நிற்க விடுவோம். மேற்குப் பக்கத்தில் வெங்காயம் செய்கிறவரோடு பேசிவிட்டேன், அவருடைய எல்லையிலிருந்து நல்ல இடம் விட்டுத்தான் விதைப்பு, நடுவில் கிளுவை வேலி. குரங்குக்கென்று வாழைப்பழமும் பாணும் யாரும் கொண்டுவந்து போட வேண்டாம். அது இரக்கமாகத் தோன்றும், ஆனால் நாளைக்கு ஊர்ப் பிள்ளையின் கையிலிருக்கிறதை அது பறிக்கும், பிறகு ஊரே அதைக் கொல்லச் சொல்லும். தாழ்வான தொட்டியில் தண்ணீர் வைப்போம். மறைக்கல்விப் பிள்ளைகள் இரண்டு நாளுக்கு ஒருதரம் அதைக் கவிழ்த்துக் கழுவ வேண்டும், நுளம்பு பெருகக் கூடாது.

பெரிய காரியமாக இதை எண்ண வேண்டாம். சரசாலைக் குருவிக்காட்டுக் கண்டலில் அடைகிற பறவைகளுக்கும், மண்டைதீவு, அரியாலைக் கடனீரேரிகளில் வந்து நிற்கிற பூநாரைகளுக்கும் நம் 2 பரப்பு ஒன்றும் செய்துவிடாது. வாடையோடு வந்தவை இன்னும் சில நாளில் வடக்கே திரும்பிவிடும். 2015இல் சுண்டிக்குளமும் நெடுந்தீவும் தேசியப் பூங்காக்களாயின. ஆனாலும் நெடுந்தீவில் கோடை முற்றும்போது அந்தத் தீவில் திரிகிற குதிரைகள் தண்ணீரும் புல்லும் இல்லாமல் செத்து விழுகின்றன. பெயர்ப்பலகை ஊன்றியதால் மட்டும் வாய்க்கு எட்டுகிற தண்ணீர் வந்துவிடாது, அதற்கு யாராவது வாளி தூக்க வேண்டும். எங்கள் பங்குக்கு எட்டுகிற வாளியை நாங்கள் தூக்குகிறோம்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், துறவற இல்லத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைக் கொத்தாமல் விடச் சொன்னாராம், காட்டுப் பூவும் பச்சிலையும் தானாக வளரட்டும் என்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் தொடக்கத்திலேயே இதை நினைவுபடுத்துகிறார். அந்த மடலுக்கு 2025இல் பத்தாம் வருடம். அதை எழுதிய கை, அந்த வருடம் பெப்ரவரி 14இலிருந்து உரோமை மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தது. இரண்டு நுரையீரலும் பழுதாகி, மூச்சுக்குப் போராடினார். மார்ச் 23இல் மருத்துவர்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மன்றாட்டில் அவரை மறவாதிருப்போம். 88 வயதில், இவ்வளவு நோவுக்குப் பிறகு, அவருக்கும் பிந்திய காலம் ஒன்று அருளப்பட்டது.

மண்ணைப் பற்றிப் பேசும்போது, நம்மில் சிலருக்கு நெஞ்சு கனக்கும் என்பது எனக்குத் தெரியும். 1990இல் போரினால் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இந்த வாங்குகளில் இருக்கிறீர்கள். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறை திறந்தபோது, 27 வருடத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தீர்கள். வீடு நின்ற இடத்தில் பற்றை, முற்றத்தில் பாம்புப் புற்று, சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம், அதில் கிளிகள். இன்னும் விடுபடாத காணிக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. இரண்டாம் குறிப்பேட்டு நூலின் கடைசி அதிகாரத்தில், மக்கள் நாடுகடத்தப்பட்டிருந்த காலம் முழுதும் நிலம் தன் ஓய்வை அனுபவித்தது என்று ஒரு செய்தி வருகிறது. அதைக் காட்டி, உங்கள் நிலம் ஓய்வெடுக்கத்தான் நீங்கள் துரத்தப்பட்டீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் கண்ணீருக்கு அப்படி ஒரு சமாதானம் சொல்வது கொடுமை. ஆனால் இதை மட்டும் சொல்வேன். நீங்கள் முகாமில் இருந்த அத்தனை வருடமும் அந்த மண்ணை ஆண்டவர் கைவிடவில்லை. உங்களுக்கு வேலி அடைபட்டபோதும் கிளிக்கும் மயிலுக்கும் அங்கே அவர் சோறு போட்டார். திரும்பிப் போனபோது உங்களை எதிர்கொண்டது பிணமாகிவிட்ட நிலமா? இல்லை, உயிர் குடியிருந்த நிலம்.

முகமாலையை நினைத்துப் பாருங்கள். அங்கே நிலம் தயாரிப்பதென்றால் முதலில் கண்ணிவெடி எடுக்க வேண்டும். வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணை விரல் விரலாகச் சுரண்டி வேலை செய்தவர்களில் எத்தனை பேர் நம் பெண்கள்! கணவனை இழந்தவர்கள், பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். யாரோ புதைத்த சாவை எடுத்து, யாரோ விதைக்கப் போகிற நெல்லுக்கு இடம் செய்தார்கள். நற்செய்தித் தோட்டக்காரரை எனக்கு மனக்கண்ணில் காணவேண்டுமானால் அந்தப் பெண்களில் ஒருத்தியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு மரத்தைப் பற்றிப் பேசாமல் நான் இறங்க முடியாது. நம் ஊரில் சில வீடுகளில் இப்போது தாய்மார் இரவில் நித்திரை கொள்வதில்லை. ஐஸ், ஹெரோயின் என்று பிள்ளை போன வழி தெரியவில்லை. கைச்செயின் போய்விட்டது, கோயிலுக்கு வருவது நின்றுவிட்டது, மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பி எடுத்தாயிற்று, திரும்பவும் அதே கதை. மூன்று வருடம் என்று ஆண்டவர் சொன்ன கணக்கு அந்தத் தாய்க்கு நன்றாகப் புரியும். சொந்தக்காரர் சொல்கிறார்கள், விட்டுவிடு, இனி அவன் உனக்குப் பிள்ளையில்லை. அம்மா, உங்களோடுதான் பேசுகிறேன். அந்தத் தோட்டக்காரர் உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் காணிக்காரருக்கு முன்னால் நிற்கிறார். நீங்கள் அழுது களைத்துப்போன இடத்தில் அவர் மண்வெட்டியோடு நிற்கிறார். உங்களால் இனி முடியாத நாள்களில் சும்மா இருங்கள், அவர் கொத்தட்டும். நம் எல்லோருக்கும் ஒரு கேள்வி: அந்த வீட்டுப் படலையைக் கடக்கும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோமா, அல்லது ஒரு கடகம் எருவாவது தூக்கிக்கொண்டு போனோமா?

இன்றைய பதிலுரைப் பாடலில், ஆண்டவருடைய இரக்கத்தையும் அவர் சினங்கொள்ளத் தாமதிப்பதையும் பாடினோம். பூமிக்கு மேலே வானம் எவ்வளவு உயரமோ அவ்வளவு பேரன்பு என்கிறது அந்த 103ஆம் திருப்பாடல். ஒப்புரவு அருளடையாளத்துக்குப் பல வருடமாக வராதவர்கள் இருக்கிறீர்கள். பிந்திவிட்டோம், இனி என்ன முகத்தோடு போவது என்று கூச்சம். நெல்லுக்குப் பிறகு, பிந்தி எறிந்த சணலும் முளைத்துத்தானே பூத்தது? குருத்து ஞாயிறு வரை ஒவ்வொரு பின்னேரமும் 5 மணியிலிருந்து நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், அதையே சொல்லுங்கள், மீதியைச் சேர்ந்து பார்ப்போம்.

வருகிற சனிக்கிழமை காலை முதல் பூசை முடிந்ததும் சேமக்காலைப் பக்கம் வேலை தொடங்குகிறது. மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். இல்லாதவர்கள் கையுறையோடும் தொப்பியோடும் வாருங்கள். விதைக் குரக்கன் வைத்திருக்கிற அம்மாமார் ஒரு சுண்டு தந்தால் போதும். குழை வெட்டும்போது கூடு இருக்கிற கிளையை விட்டுவிடுங்கள். மதியத்துக்கு அன்னம்மா சபை கஞ்சி காய்ச்சுகிறது. உடம்பு முடியாத பெரியவர்கள் நிழலில் கதிரை போட்டு இருந்து செபமாலை சொல்லுங்கள், எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கட்டும். இப்போது எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்வோம்.